காற்றுச் சுரங்கமும் அதன் கடிவாளமும்

சிவகாசியில் செய்யப்படும் ஆகாசவாணத்தின் உடலோடு ஒரு நீண்ட குச்சி கட்டப்பட்டிருக்கிறது. வாணம் தலைகுப்புறச் சுழலாமல் நேராக மேலே செல்லுவது அந்தக் குச்சியினால்தான். அதன் நீளம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைத் தொழிலாளர் எந்தச் சாஸ்திரப் புஸ்தகத்தையும் பார்த்து நிர்ணயிக்கவில்லை. விட்டுப் பார்த்து, விழுந்ததைக் கண்டு, கூட்டியும் குறைத்தும் அறிந்துகொண்டார்கள். ஒரு வாணம் வீணானால் நஷ்டம் சில ரூபாய்தான். கோடிக்கணக்கான ரூபாய் செலவில் கட்டப்படும் ராக்கெட்டையும், உள்ளே மனிதன் உட்கார்ந்திருக்கும் ஆகாய விமானத்தையும் அவ்விதம் விட்டுப் பார்க்க இயலாது. ஆகவே பொருளின் சிறு மாதிரி ஒன்றை அசையாமல் நிறுத்தி, அதன் மீது காற்றை வேகமாக ஓடவிட்டு, காற்று அதை எப்படித் தள்ளுகிறது, எப்படித் திருப்புகிறது என்று அளக்கிறார்கள். அக்காற்று ஓடும் பெருங்குழாய்க்கே காற்றுச் சுரங்கம் என்று பெயர்.

இவ்விஷயத்தை விருதுநகர் ஜில்லாவாசிகள் இன்று கவனிக்கவேண்டியதற்குக் காரணம் உண்டு. தும்பாவில் 1963 நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட் கிளம்பிற்று. அது அமெரிக்காவில் செய்தது. இன்று அதே திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையத்தார் மணிக்கு ஆயிரக்கணக்கான மைல் வேகத்தை ஒத்துக்காட்டும் சுரங்கங்களைத் தாங்களே கட்டியிருக்கிறார்கள். திருநெல்வேலி ஜில்லாவில் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. நமது ஜில்லாவை அடுத்த தூத்துக்குடி ஜில்லாவில், குலசேகரன்பட்டினத்து ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந் தேதி பிரதம மந்திரி அஸ்திவாரக்கல் நாட்டினார். 2025 ஏப்ரலில் ராஜ்ய மந்திரிசபை விண்வெளித் தொழிற் கொள்கையொன்றை அங்கீகரித்தது. ஐந்து வருஷத்தில் 10,000 கோடி ரூபாய் முதலீடு வரவேண்டும் என்பது அதன் குறி. தென்பாண்டி நாடு முழுவதும் ராக்கெட் சீமையாகிக்கொண்டு வருகிறது. இதில் வாணத் தொழிலுக்கே பேர்போன சீமையின் பங்கு என்ன? நிலம் கொடுப்பதும் காவற்காரர் வேலைக்கு மனுப் போடுவதும்தானா? நாம் அவ்விதம் நினைக்கவில்லை. பங்கு இருக்கிறது, அது பலரும் தேடாத இடத்தில் இருக்கிறது.

காற்றுச் சுரங்கம் என்றவுடன் எல்லோரும் எஃகுக் குழாயையும் அதற்குள் நிற்கும் மாதிரியையும்தான் எண்ணுகிறார்கள். வாஸ்தவத்தில் சுரங்கத்தின் உயிர் குழாயில் இல்லை. காற்றை ஓட்டும் மின்சார மோட்டாரிலும், அம்மோட்டாரை அடக்கி ஆளும் கட்டுப்பாட்டுக் கருவிகளிலுமே அது இருக்கிறது. குழாயை எந்த நல்ல கொதிகலன் பட்டறையிலும் வளைத்து ஒட்டிவிடலாம். மற்றது அப்படியல்ல.

கணக்கு எளிது. காற்றின் வேகத்தை இரட்டித்தால் வேண்டிய சக்தி இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை, எட்டு மடங்காகிறது. ஒரு சதுர மீட்டர் வாயுள்ள சுரங்கத்தில் விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் காற்று பாய்ந்தால், அந்தக் காற்றோட்டம் சுமந்து செல்லும் சக்தி சுமார் 75 கிலோவாட், அதாவது நூறு குதிரைச் சக்தி. ஒரு நடுத்தர ஆலையில் அடங்கும் அளவு. வேகத்தை 100 மீட்டராக்கினால் 600 கிலோவாட். 200 மீட்டராக்கினால் 4,800 கிலோவாட். குழாயை வளையமாக்கி, ஓடிய காற்றையே திரும்பத் திரும்ப ஓடவிட்டால் செலவு குறையும். அப்பொழுது மோட்டார் உராய்வில் போனதை மட்டும் ஈடுசெய்தால் போதும். ஆயினும் எட்டு மடங்கு என்னும் விதியை எவனும் ஏமாற்ற முடியாது.

ஐபெல் என்னும் பிரெஞ்சு எஞ்சினீயர் 1909-இல் பாரிஸ் நகரில் தமது பிரசித்தமான கோபுரத்தின் காலடியில் ஒரு சுரங்கம் அமைத்தார். அதற்குக் கோபுரத்தின் மின்சார யந்திரத்திலிருந்தே 50 கிலோவாட் கிடைத்தது. அமெரிக்காவில் லாங்க்லி என்னுமிடத்தில் 1931-இல் முழு விமானத்தையே உள்ளே நிறுத்தும் சுரங்கம் வந்தபோது 4,000 குதிரைச் சக்தியுள்ள மோட்டார்கள் இரண்டு வேண்டியிருந்தன. 1944-இல் ஏம்ஸ் சுரங்கத்துக்கு 6,000 குதிரைச் சக்தியில் ஆறு. கிளீவ்லாந்திலுள்ள சுரங்கங்களை ஊர் உறங்கும் இராக்காலத்தில் ஓட்டும் வழக்கம் ஏற்பட்டது. பகலில் ஓட்டினால் நகரத்தின் மின்சாரம் தாங்காது. பிரான்சில் மொதான் என்னும் மலையூரிலுள்ள சுரங்கத்திலோ மோட்டாரே இல்லை. மலையிலிருந்து இறக்கிய தண்ணீர் சக்கரங்களைச் சுழற்ற, அச்சக்கரங்கள் 15 மீட்டர் அகலமுள்ள இரண்டு விசிறிகளை நேரே சுழற்றுகின்றன. சக்தி 88,000 கிலோவாட். இவ்வளவு பெரிய மோட்டாரைச் செய்வதைவிட ஆற்றைக் கட்டிப்போடுவது சுலபம் என்று தீர்மானித்தார்கள் போலும்!

அந்த மொதான் சுரங்கத்தின் பூர்வோத்தரமும் கேட்கத்தக்கது. யுத்த காலத்தில் ஜெர்மானியர் ஆஸ்திரியாவின் ஓட்ஸ் பள்ளத்தாக்கில் அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் பிரெஞ்சுக்காரர் அதைக் கழற்றித் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய் நிறுவினர். ஜெர்மானிய ராக்கெட் நிபுணர் பேனமுண்டேயில் உபயோகித்த அதிவேகச் சுரங்கமும் அவ்விதமே அமெரிக்கக் கடற்படையின் சோதனைச்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜயித்தவன் தோற்றவனிடமிருந்து எதை எடுத்துச் செல்கிறான் என்று பார்த்தால், எதை அவன் உண்மையில் மதிக்கிறான் என்பது விளங்கும்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1942-இல் விமானப் பொறியியல் இலாகா திறக்கப்பட்டது. வால்சந்த் ஹிராசந்தின் முயற்சியால் 1940-இல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அதே நகரில் ஏற்பட்டிருந்ததும் அதற்கொரு காரணம். 1950-களில் அக்கழகத்தில் சதீஷ் தவன் ஒலியினும் வேகமான காற்றோட்டத்துக்குரிய சுரங்கத்தை அமைத்தார். 1967-இல் பெங்களூர் தேசீய விமான ஆராய்ச்சிச் சாலையில் 1.2 மீட்டர் சுரங்கம் இயங்கத் தொடங்கிற்று. ஒலியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கு மடங்கு வரை அதில் பார்க்கலாம். நமது விமானங்களும் ராக்கெட்டுகளும் அதன் வழியேதான் வந்திருக்கின்றன.

இந்தப் பெங்களூர்ச் சுரங்கத்தின் அமைப்பில் ஒரு யுக்தி இருக்கிறது. ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்றை ஓயாமல் ஓட்டப் பல்லாயிரம் கிலோவாட் வேண்டும். அக்காலத்தில் அதற்கு எங்கே போவது? ஆகவே சிறிய மோட்டார்களால் காற்றை நிதானமாக அழுத்திப் பெருந்தொட்டிகளில் சேமித்து, பிறகு ஒரேயடியாகத் திறந்துவிடுகிறார்கள். 500 கிலோவாட் மோட்டார் ஒரு மணி நேரம் உழைத்துச் சேர்த்ததை அரை நிமிஷத்தில் செலவழித்தால், இழப்பைக் கழிக்காத கணக்கில், அந்த அரை நிமிஷத்துக்கு 60,000 கிலோவாட் கையிலிருந்ததாக ஆகிறது. சிறுகச் சேர்த்து ஒரு நாளில் செலவிடும் குடியானவன் வீட்டுக் கலியாணம் போன்ற ஏற்பாடு இது. உலகில் பல நாடுகளும் இதைக் கையாளுகின்றன, குறைவாக நினைக்கவேண்டியதில்லை.

ஆனால் சக்தியில் மிச்சம் பிடித்ததைக் கட்டுப்பாட்டில் கொடுத்தாகவேண்டும். தொட்டி திறந்த கணம் முதல் உள்ளே அழுத்தம் இறங்கிக்கொண்டே வருகிறது. மாதிரியின் மீது பாயும் காற்றோ இம்மியும் மாறக்கூடாது. வேகத்தில் நூற்றுக்கு ஒன்று பிசகினால், அளந்த விசையில் நூற்றுக்கு இரண்டு பிசகும். ஆகவே தொட்டி காலியாகக் காலியாக வால்வு தானே மேலும் மேலும் திறந்துகொடுக்கவேண்டும். எவ்வளவு திறப்பது என்பதை விநாடிக்குப் பல தடவை கணக்கிட்டு மின்சாரக் கருவி ஆணையிடவேண்டும். முதல் இரண்டு மூன்று விநாடிகளில் அது தடுமாறினால் அத்தனை மணி நேரம் சேர்த்த காற்றும் வீண். அதே அரை நிமிஷத்துக்குள் வேறொரு சிறு மோட்டார் மாதிரியைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சாய்க்கவேண்டும். நூற்றுக்கணக்கான அளவுகளைப் பதிவு செய்யவேண்டும். ஒலியைப்போல் பன்னிரண்டு மடங்கு வேகத்துக்குப் போனால் இன்னொரு தொல்லை. அவ்வளவு விரிந்து பாயும் காற்று குளிர்ந்து திரவமாகிவிடும். அதைத் தடுக்க முன்னதாகவே ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சவேண்டும். மறுகோடியில் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் பம்புகள் ஓடவேண்டும். இவையனைத்தும் ஒரே கடிவாளத்துக்குள் அடங்கவேண்டும்.

விசிறி வைத்து ஓயாமல் ஓட்டும் சுரங்கத்தில் கடிவாளம் வேறு மாதிரி. முன்னாளில் ஒரு மோட்டாரால் ஒரு டைனமோவைச் சுழற்றி, அந்த டைனமோவால் இன்னொரு மோட்டாரைச் சுழற்றி வேகத்தை ஆண்டார்கள். 1891-இல் வார்ட் லியோனார்ட் என்னும் அமெரிக்கர் கண்ட முறை அது. பின்னர் தைரிஸ்டர் வந்தது; அதற்குப்பின் மின்னோட்டத்தின் அலைவரிசையையே மாற்றி வேகத்தை ஆளும் இன்வெர்ட்டர் வந்தது. இன்வெர்ட்டரால் வேகம் நூலிழை பிசகாமல் நிற்கிறது. ஆனால் அது மின்கம்பியில் இரைச்சலைக் கலக்கிறது. மாதிரியைத் தாங்கும் தராசின் கம்பியில் வருவது மைக்ரோவோல்ட் அளவான மெல்லிய சைகை. பக்கத்தில் ஆயிரம் கிலோவாட் இரைச்சல் போட்டால் அது எங்கே கேட்கும்? கம்பியைக் கவசத்துக்குள் வைப்பதும், எர்த் பிடிப்பதைச் சரியாகச் செய்வதுமே அங்கே பாதி வேலை. எர்த்தின் அருமை சிவகாசிக்குத் தெரியாததல்ல. உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் ஒரு பொறியாய்க் கிளம்பினால் மருந்தறையில் என்ன ஆகும் என்பது அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும்.

வல்லரசுகள் இக்கடிவாளத்தை எவ்விதம் மதிக்கின்றன என்பதைப் பார்ப்போம். வாசெனார் உடன்பாடு என்று ஒன்று இருக்கிறது. இராணுவத்துக்கும் உதவக்கூடிய சாமான்களை எவருக்கு விற்கலாம், விற்கக்கூடாது என்று நாடுகள் வைத்துக்கொண்ட ஜாபிதா. அதில், ஒலியைப்போல் 1.2 மடங்கும் அதற்கு மேலும் வேகமுள்ள சுரங்கங்களுக்கென்றே செய்த கட்டுப்பாட்டு அமைப்புகளும், அளவு கருவிகளும், அளவுகளைச் சேகரிக்கும் யந்திரங்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. குழாய்க்கான எஃகை வாங்கலாம். குழாயை ஆளும் கருவிக்கு அயல் சர்க்காரின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

இது வெறும் காகித பயமல்ல. 1998-இல் பொக்ரான் சோதனைகள் நடந்தவுடன், நமது இலகு போர் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு வேலைக்காக அமெரிக்காவிலிருந்த நம் எஞ்சினீயர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் பெங்களூருக்கு வந்து வேலையை முடித்தார்கள். 2001 ஜனவரி 4-ந் தேதி அவ்விமானம் பறந்தது. திருவனந்தபுரத்தில் ஒலியைப்போல் பன்னிரண்டு மடங்கு வரை செல்லும் சுரங்கம் 2017 மார்ச் 20-ந் தேதி திறக்கப்பட்டபோதும், சில முக்கியமான நுட்பங்கள் வெளிநாட்டிலிருந்து கிடைக்கத் தடையிருந்தபடியால் அவற்றை இங்கேயே உண்டாக்க நேர்ந்தது என்று விண்வெளி ஸ்தாபனத்தாரே தெரிவித்தார்கள். 2016-இல் ஏவுகணைக் கட்டுப்பாட்டு அமைப்பிலும், 2017 டிசம்பரில் வாசெனார் உடன்பாட்டிலும் இந்தியா அங்கத்தினராகியது உண்மை. ஆனால் அங்கத்தினர் என்பதற்காக எவரும் எதையும் விற்றாகவேண்டும் என்று கட்டாயமில்லை. சீட்டுக் கொடுப்பதும் மறுப்பதும் இன்றும் அந்தந்த சர்க்காரின் சித்தம்.

2020 டிசம்பர் 19-ந் தேதி ஹைதராபாதில் ராணுவ ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் தமது அதிவேகச் சுரங்கத்தைத் திறந்தார்கள். 2022 டிசம்பர் 8-ந் தேதி திருவனந்தபுரத்தில் 160 மீட்டர் நீளமுள்ள புதிய முவ்வேகச் சுரங்கத்தில் முதல் காற்றோட்டம் விடப்பட்டது. சுதேசித் தொழிற்சாலைகள் பலவும் சேர்ந்து செய்த காரியங்கள் இவை. தேசம் மெச்சிக்கொள்ளத் தக்கவை. மெச்சிய பிறகு கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வேகத்தை ஆளும் இன்வெர்ட்டரின் இதயமாகிய சக்திக் குறைக்கடத்திச் சில்லுகளை நம் நாடு இன்றும் பெரும்பாலும் இறக்குமதிதான் செய்கிறது. பெட்டியின் மேல் நம் ஊர்ப் பெயர் இருக்கலாம். பெட்டிக்குள் இருப்பது யாருடையது?

நமது ஜில்லாவின் பங்கு இங்கேதான் வருகிறது. சில்லு செய்யும் ஆலை விருதுநகரில் வரும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது விளையாட்டுப் பேச்சு. நாம் சொல்வது வேறு. ராஜபாளையத்து நூற்பாலையில் கதிர்களின் வேகத்தை நூல் அறாமல் ஏற்றி இறக்குவது இன்வெர்ட்டர். ஆலைக்குள் ஈரக் காற்றை அனுப்பும் பெரிய விசிறிகளை ஆள்வது அதுவே. சிவகாசியில் நான்கு வர்ணம் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை தவறாமல் விழும்படி ஆப்செட் யந்திரத்தை ஓட்டுவதும் அவ்விதக் கட்டுப்பாடுதான். ஜெர்மனியில் வாங்கிய யந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகை கெட்டுப்போனால், சீமையிலிருந்து ஆள் வரும்வரை எந்த அச்சக முதலாளி காத்திருப்பார்? உள்ளூர்ப் பட்டறையில் ஒரு வாலிபன் அதைப் பிரித்துப் பார்த்து ஓடவைக்கிறான். சுரங்கத்துக்கு வேண்டிய துல்லியம் இதைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வித்தையின் ஜாதி ஒன்றே. சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியும் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரியும் 1984 முதல் மின்சாரப் படிப்பாளிகளை உற்பத்தி செய்துவருகின்றன. அவர்களில் எத்தனை பேர் ஊரிலேயே தங்குகிறார்கள் என்பதைப் பெற்றோர்களைக் கேட்டால் தெரியும்.

வெளியே போய் வித்தை கற்றுத் திரும்புவது இவ்வூருக்குப் புதிதல்ல. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டியிலிருந்து வாணம் பிறந்தது. இரண்டுக்கும் சீட்டு ஒட்டவேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வளர்ந்தது. மழை பொய்த்த கரிசல் பூமியில் இரண்டு மனிதரின் ரயில் பிரயாணம் மூன்று தொழில்களைக் கொண்டுவந்தது.

அத்தொழில்களில் முதன்மையானது இன்று இருக்கும் நிலைமையை மறைத்துப் பயனில்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூரையடுத்த அச்சன்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டவர் மாண்டார்கள். நடுவிலும் பின்னும் போன உயிர்கள் வேறு. 2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்தது. மூச்சுத் திணறும் நகரவாசிகளின் முறையீட்டில் நியாயம் இருக்கிறது. அத்தீர்ப்பால் வேலை இழந்தவனின் பசியிலும் நியாயம் இருக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி கோர்ட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு லட்சக்கணக்கான குடும்பங்கள் எத்தனை காலம் ஜீவிக்க முடியும்? வெடிமருந்துக் கொட்டகையில் தாய் தேடிய கூலியில் பாலிடெக்னிக் படித்த பிள்ளை, அதே கொட்டகைக்குத் திரும்புவதா, கோயம்புத்தூருக்கு வண்டி ஏறுவதா என்ற இரண்டே வழிகளோடு நிற்கிறான்.

ஒரு காற்றுச் சுரங்கம் எத்தனை பேருக்குச் சோறு போடும் என்று ஆட்சேபிப்பவர் இருப்பார்கள். சுரங்கத்தில் நேராக வேலை செய்வோர் சில பத்துப் பேர்தான், அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சுரங்கத்துக்குத் தகுந்த கடிவாளத்தைச் செய்யக் கற்ற பட்டறை, ஆலைக்கும் பம்புக்கும் காற்றாலைக்கும் செய்யும். மின்சாரம் எங்கே என்று கேட்பவருக்கும் பதில் உண்டு. 2012-இல் தென் ஜில்லாக்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் இருளில் கிடந்ததை எவரும் மறக்கவில்லை. அன்று இக்கேள்வி நியாயம். 2016-இல் பக்கத்துக் கமுதியில் 6,48,000 கிலோவாட் சூரிய மின்நிலையம் வந்துவிட்டது. ஆயிரம் கிலோவாட் விசிறி ஒன்று இன்று பெரிய பாரமல்ல.

சர்க்கார் செய்யவேண்டியது இது. சாத்தூரிலிருந்து கோவில்பட்டியைத் தாண்டினால் கயத்தாற்றில் தேசீயக் காற்றுச் சக்தி ஸ்தாபனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. அந்த ஸ்தாபனமும், மேற்சொன்ன இரு கல்லூரிகளும், விண்வெளி ஸ்தாபனமும் சேர்ந்து, விநாடிக்கு 50 அல்லது 60 மீட்டர் வேகமுள்ள சுரங்கம் ஒன்றை விருதுநகர் ஜில்லாவில் அமைக்கட்டும். காற்றாலைச் சிறகும், புயலைத் தாங்கவேண்டிய மின்கோபுரமும், ஆலை விசிறியும் அதில் சோதிக்கப்படலாம். இவ்வளவு குறைந்த வேகத்துக்கு எந்த அயல்நாட்டுச் சீட்டும் தேவையில்லை. பழகுவதற்கு அதுவே வசதி. அதன் மோட்டாரையும் குழாயையும் எங்கே வேண்டுமானாலும் வாங்கட்டும். கட்டுப்பாட்டுக் கருவியை மட்டும் இந்த ஜில்லாவில் செய்யவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். இத்தகைய ஒப்பந்தங்களில் முன் அனுபவம் உண்டா என்று கேட்பது வழக்கம். முதல் தடவை செய்பவனுக்கு முன் அனுபவம் எங்கிருந்து வரும்? அந்த நிபந்தனையை இந்த ஒரு வேலைக்குத் தளர்த்தி, முதற்பெட்டி சரியாக ஓடாவிட்டால் இரண்டாவது பெட்டிக்கும் பணம் ஒதுக்கவேண்டும். 10,000 கோடிக் கணக்கில் அது கண்ணுக்குத் தெரியாத தொகை.

கொள்கையை அங்கீகரித்த ராஜ்ய சர்க்கார் அதன் கீழ் எந்த ஜில்லாவுக்கு எந்த வேலை என்று பிரிக்கும்போது, நமது ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் கட்சி வித்தியாசமின்றி இதைக் கேட்பார்களா என்று பார்ப்போம்.